‘இஃப்’ என்னும் சிறு சொல்: கல்லாவைக் காப்பதும் அதுவே, கரைப்பதும் அதுவே

‘சம்பளம் வந்ததும் தருகிறேன் அண்ணாச்சி’ என்பதற்கும், ‘சம்பளம் வந்தால் தருகிறேன் அண்ணாச்சி’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் கடையில் பொட்டலம் மடிக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். முதலாமவருக்குப் பருப்பு நிறுப்போம். இரண்டாமவரிடம், ‘பழைய பாக்கி எவ்வளவு என்று பார்த்துவிடலாமா?’ என்று கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டுவோம். ‘ஆல்’ என்ற ஒரே விகுதியில் கடனின் கதி தெரிந்துவிடுகிறது.

தமிழில் இவ்வளவு சூட்சுமமாக இருக்கும் நாம், அதே ‘ஆல்’ ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்று வேஷம் மாற்றி வரும்போது கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஏஜென்சியின் ஸ்கீம் கடிதம், பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சான வரிகள், பேங்க் படிவம், புரோநோட், செக் பற்றிய சட்டம், வரிச் சட்டம் ஆகிய எல்லாவற்றிலும் இந்த ‘இஃப்’ உட்கார்ந்திருக்கிறது. பணம் வருவதும் போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது. எனவே இந்த இதழில், வணிகர்களுக்கு வேண்டிய அளவுக்கு ‘இஃப்’ வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல முன்வந்துள்ளோம். பள்ளிக்கூடப் பாடம் போல அல்லாமல், கடைக் கணக்குப் போலவே பார்ப்போம்.

அடி அண்ணாமலையில் ஆங்கிலம்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தின்போதும் இங்கே நம்மவர்களின் வியாபாரம் சோடா, மோர், கற்பூரம், பிஸ்கட் என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நடந்துவிடும். மற்ற நாட்களில் கடை வாசலில் வந்து நிற்பவர்களில் வெளிநாட்டினரும் உண்டு. ரமண மகரிஷி 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். 1950-ல் மகா சமாதி அடையும் வரை இவ்வூரை விட்டு அவர் நீங்கவில்லை. அவரைச் சந்தித்த பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூல் 1934-ல் வெளிவந்ததிலிருந்து மேல்நாட்டவர் வருகை தொடர்கிறது. குளிர்காலத்தில் வந்து வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் அரிசி, தேன், நல்லெண்ணெய், கடலை எல்லாம் நம் மளிகைக் கடைகளிலிருந்துதான் போயாக வேண்டும்.

இந்த வியாபாரத்துக்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. விலை, எடை, எண்ணிக்கை இவற்றைச் சொல்லிவிடலாம். ஆனால் பேரம் என்று வந்தால் நிபந்தனை வந்துவிடும். நிபந்தனை வந்தால் ‘இஃப்’ வந்துவிடும்.

நம்மில் பலர் இப்படிச் சொல்கிறோம்: ‘டுமாரோ யூ கம் மீன்ஸ், ஐ கிவ்.’ இது தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டது. ‘நாளைக்கு வந்தீர்கள் என்றால்’ என்பதில் உள்ள ‘என்றால்’தான் ‘மீன்ஸ்’ ஆகிவிட்டது. நம் ஊர்க்காரருக்கு இது புரியும். பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த சாமிக்குப் புரியாது. ‘மீன்ஸ்’ என்றால் அவருக்கு ‘அர்த்தம்’ என்றுதான் படும். ‘இஃப் யூ கம் டுமாரோ, ஐ வில் கிவ்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: வந்தால், எடுத்தால், கெட்டால். ஆங்கிலத்திலோ அது தலைப்பாகை போல முன்னால் வரும். தொல்காப்பியம் ‘செயின்’ என்ற வாய்பாட்டை வினையெச்சங்களில் ஒன்றாக வைத்து இலக்கணம் சொல்கிறது. ‘செய்தால்’ என்பதன் பழைய வடிவம் அது. ஆக, இந்தச் சிந்தனை நமக்குப் புதிதல்ல. வைக்கும் இடம்தான் மாறுகிறது.

கடைக்கு வேண்டிய நாலு கணக்கு

முதல் கணக்கு, நடக்கக்கூடிய காரியம். அன்றாட வியாபாரத்துக்கு இதுதான் மிகுதியும் வேண்டும்.

‘இஃப் யூ டேக் ஃபைவ் கிலோஸ், ஐ வில் ரெட்யூஸ் தி பிரைஸ்.’ ஐந்து கிலோ எடுத்தால் விலை குறைக்கிறேன்.

‘இஃப் யூ வான்ட் பிரவுன் ரைஸ், ஐ வில் பிரிங் இட் டுமாரோ.’ பழுப்பு அரிசி வேண்டுமானால் நாளை வரவழைத்துத் தருகிறேன்.

‘இஃப் தி ஹனி ஈஸ் நாட் குட், பிரிங் இட் பேக்.’ தேன் சரியில்லாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. ‘வில்’ என்பது நாம் தரும் வாக்கின் பக்கம் இருக்கும்; ‘இஃப்’ இருக்கும் பக்கத்தில் வராது. ‘இஃப் யூ வில் டேக்’ என்பது சாதாரணமாகச் சரியல்ல. தமிழிலும் ‘எடுப்பீர்களால்’ என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

இரண்டாம் கணக்கு, பேச்சுக்குச் சொல்வது. ‘இஃப் ஐ கேவ் யூ டென் பெர்சென்ட், வுட் யூ டேக் தி ஹோல் பேக்?’ பத்து சதவீதம் குறைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூட்டையோடு எடுத்துக்கொள்வீர்களா? இங்கே ‘கேவ்’ என்பது இறந்தகாலச் சொல். ஆனால் காரியம் நடந்துவிடவில்லை. நாம் வாக்குக் கொடுக்கவில்லை, நாடி பிடித்துத்தான் பார்க்கிறோம். தமிழில் இரண்டு இடத்துக்கும் ‘கொடுத்தால்’ என்ற ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ கிவ்’ என்றால் கொடுப்பதற்குத் தயார் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இஃப் ஐ கேவ்’ என்றால் வெறும் விசாரிப்பு. மொத்த வியாபாரத்தில் கம்பெனிப் பிரதிநிதி ‘இஃப் வி கேவ் யூ...’ என்று ஆரம்பித்தால், அது ஆஃபர் அல்ல, ஆழம் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை நம்பிக் கிடங்கில் இடம் ஒதுக்க வேண்டாம்.

மூன்றாம் கணக்கு, கைநழுவிப் போனது. ‘இஃப் யூ ஹேட் கம் யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கிவன் அட் தி ஓல்ட் பிரைஸ்.’ நேற்று வந்திருந்தால் பழைய விலைக்கே கொடுத்திருப்பேன். இதற்குத் தமிழிலும் அதே அச்சு இருக்கிறது: வந்திருந்தால், கொடுத்திருப்பேன். எண்ணெய் விலை ஏறிய மறுநாள் எல்லாக் கடையிலும் கேட்கும் வாக்கியம் இது.

நான்காம் கணக்கு, எதிர்மறை. ‘அன்லெஸ்’ என்றால் ‘இல்லாவிட்டால்’ என்று பொருள். ‘அன்லெஸ் யூ பே தி ஓல்ட் பேலன்ஸ், ஐ கேனாட் கிவ்.’ பழைய பாக்கி தராவிட்டால் என்னால் கொடுக்க இயலாது. ‘அன்லெஸ்’ உள்ளே ‘இல்லை’ ஏற்கெனவே இருக்கிறது. அதோடு ‘நாட்’ சேர்த்து ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்றால், பாக்கியைத் தராமல் இருந்தால்தான் சரக்கு என்று தலைகீழாகிவிடும். கடன் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல நிபந்தனை கிடையாது.

இவற்றோடு ‘ஈவன் இஃப்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் ஓர் ‘உம்’ போட்டால் போதும். ‘வந்தால் தருவேன்’ என்பது நிபந்தனை. ‘வந்தாலும் தருவேன், வராவிட்டாலும் தருவேன்’ என்பதில் நிபந்தனை கழன்றுவிடுகிறது. ‘ஈவன் இஃப்’ வந்த இடத்தில் அந்த ‘உம்’ இருக்கிறது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

‘இஃப்’ வேறு, ‘வென்’ வேறு

இனிமேல் சொல்லப்போவது வாய்ப்பேச்சைத் தாண்டிய விஷயம். புரோநோட்டைப் பற்றியது.

1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம்தான் இன்றும் புரோநோட்டுக்கும் செக்குக்கும் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு, புரோநோட் என்பது நிபந்தனையற்ற வாக்குறுதியாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, உள்ளே ‘இஃப்’ இருக்கக்கூடாது. சட்டமே உதாரணங்களையும் தருகிறது. ‘இன்னாருடன் எனக்குத் திருமணம் நடந்த ஏழு நாள் கழித்து 500 ரூபாய் தருகிறேன்’ என்று எழுதினால் அது புரோநோட் அல்ல. ‘இன்னார் இறந்தபின், போதுமான பணம் எனக்கு விட்டுச் சென்றிருந்தால், 500 ரூபாய் தருகிறேன்’ என்று எழுதினாலும் அல்ல. திருமணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பணம் விட்டுச் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம்.

அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. எப்போது என்று தெரியாவிட்டாலும் நிச்சயமாக நடந்தே தீரும் ஒரு நிகழ்ச்சியைக் கெடுவாக வைத்தால், அது நிபந்தனை ஆகாது. இதுதான் ‘வென்’னுக்கும் ‘இஃப்’புக்கும் உள்ள வித்தியாசம், ‘வந்ததும்’ என்பதற்கும் ‘வந்தால்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். கட்டுரையின் தொடக்கத்தில் பொட்டலம் மடிக்கும் பையன் கண்டுகொண்டதைத்தான் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? கடன் வாங்குகிறவர் கெஞ்சுவார். ‘அறுவடை நன்றாக இருந்தால்’, ‘நிலம் விற்றால்’, ‘சீட்டு விழுந்தால்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார். பழகிய மனிதர் என்று நாமும் சம்மதித்துவிடுவோம். அந்த ஒரு வரியில் புரோநோட் தன் பலத்தை இழந்து சாதாரண ஒப்பந்தமாகிவிடுகிறது. பிறகு அறுவடை நன்றாக இருந்ததா என்பதை நாம்தான் கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். தவணை கொடுக்க மனம் இருந்தால் ‘இன்ன தேதியில்’ என்று நாள் குறித்து எழுதி வாங்குங்கள். ‘ஆன் டிமாண்ட்’, அதாவது கேட்டபோது, என்று எழுதி வாங்கினால் புரோநோட் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு என்பதையும் மறக்க வேண்டாம்.

நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தர வாக்களிக்கிறேன் என்று ரிசர்வ் பேங்க் கவர்னர் கையெழுத்திட்டிருக்கிறார். அதில் ‘இஃப்’ கிடையாது. நம்பிக்கைக்குரிய வாக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட எளிய மாதிரி வேண்டுமா?

நிபந்தனையுள்ள ஒப்பந்தமே செல்லாது என்று இதற்கு அர்த்தமல்ல. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 31 முதல் 36 வரையுள்ள பிரிவுகளில் ‘இஃப்’ ஒப்பந்தங்களைப் பற்றித்தான் பேசுகிறது. வீடு எரிந்துபோனால் பத்தாயிரம் ரூபாய் தருகிறேன் என்ற ஒப்பந்தம் செல்லும். இன்ஷூரன்ஸ் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் நடக்கவே முடியாத ஒன்றை நிபந்தனையாக வைத்தால் ஒப்பந்தம் செல்லாது. அதற்குச் சட்டம் தரும் உதாரணம் வேடிக்கையானது: இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தைச் சூழ்ந்து அடைக்குமானால் 1,000 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறாராம். நம் பாட்டிமார் இதைச் சட்டம் படிக்காமலே ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று சொல்லிவிட்டார்கள்.

செக் திரும்பினால்

செக் திரும்பினால் கேஸ் போடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 138-ஆம் பிரிவு, ‘ப்ரொவைடட்’ என்ற சொல்லோடு மூன்று நிபந்தனைகளைக் கட்டி வைத்திருக்கிறது. ‘ப்ரொவைடட்’ என்பது கோட்டுப் போட்ட ‘இஃப்’. பழைய பத்திரத் தமிழில் ‘பட்சத்தில்’ என்று எழுதுவோமே, அதுதான்.

முதலாவது, செக் செல்லுபடியாகும் காலத்துக்குள் பேங்கில் போடப்பட்டிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் அந்தக் காலம், செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். முன்பு ஆறு மாதம் இருந்தது. அந்தப் பழைய நினைப்பில் பீரோவில் வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் நிறைவேறினால்தான் குற்றம். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட் ஏற்கலாம். இரண்டு வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ‘பண்டிகை முடியட்டும், கேட்டுக்கொள்ளலாம்’ என்று 30 நாளைத் தாண்டவிட்டால் அந்த வழி அடைபடும். செக் திரும்பிய அன்றே காலண்டரில் குறித்துக்கொண்டு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

பில்லிலும் கடிதத்திலும் ஒளிந்திருப்பவை

சில இடங்களில் ‘இஃப்’ என்ற சொல்லே இருக்காது, ஆனால் நிபந்தனை இருக்கும்.

நம்மில் பலரும் பில்லில் அச்சடிக்கும் ‘குட்ஸ் ஒன்ஸ் சோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்’ என்பதைப் பாருங்கள். ‘ஒன்ஸ் சோல்ட்’ என்றால் ‘ஒருமுறை விற்றுவிட்டால்’. உள்ளே ஓர் ‘ஆல்’ ஒளிந்திருக்கிறது. இந்த வரி நம்மைக் காக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள சரக்கைத் திருப்பி எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் என்பது கணக்கு. ஆகவே ‘இஃப் டிஃபெக்டிவ், வில் பி டேக்கன் பேக் விதின் செவன் டேஸ்’ என்று நாமே காலம் குறித்து அச்சடித்துவிடுவது, வாடிக்கையாளருக்கும் நமக்கும் நல்லது.

‘சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்’ என்று ரசீதில் இருந்தால், ‘செக் பணமானால்தான் இந்த ரசீது செல்லும்’ என்று பொருள். செக் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும்போது இந்த வரியை எழுதத் தவறாதீர்கள்.

ஸ்கீம் கடிதங்களுக்கு வருவோம். ‘டூ பெர்சென்ட் கேஷ் டிஸ்கவுண்ட் இஃப் பேமென்ட் ஈஸ் ரிசீவ்ட் விதின் செவன் டேஸ் ஆஃப் இன்வாய்ஸ்.’ தமிழில் நிபந்தனை முன்னால் வரும். ஆங்கிலத்தில் இப்படிப் பின்னாலும் வரும். இரண்டு பெர்சென்ட் என்று படித்ததும் நாம் மகிழ்ந்துபோய், வாலைப் படிப்பதில்லை. இதில் மூன்று முடிச்சு இருக்கிறது. ‘ரிசீவ்ட்’ என்றால் நாம் அனுப்பிய நாள் அல்ல, அவர்கள் கைக்குச் சேர்ந்த நாள். ‘ஆஃப் இன்வாய்ஸ்’ என்றால் சரக்கு நம் கடையில் இறங்கிய நாள் அல்ல, பில் போட்ட நாள். லாரி இரண்டு நாள் தாமதித்தால் நம் ஏழு நாள் ஐந்தாகிவிடும். 48,000 ரூபாய் பில்லுக்கு இரண்டு பெர்சென்ட் என்றால் 960 ரூபாய். அதே பில்லின் அடியில் ‘இஃப் நாட் பெய்ட் பை டியூ டேட், இன்ட்ரஸ்ட் அட் ட்வென்டி ஃபோர் பெர்சென்ட் பர் ஆனம்’ என்று இருந்தால், ஒரு மாதத் தாமதத்துக்கு வட்டியும் அதே 960 ரூபாய். ஓர் ‘இஃப்’ தருகிறது, இன்னோர் ‘இஃப்’ எடுத்துக்கொள்கிறது.

ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சப்ளையருக்கு வரியோடு சேர்த்துப் பணம் கொடுக்கத் தவறினால், அந்தப் பில்லுக்கு நாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிக் கழிவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்துவிட்டால் கழிவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்; கட்டிய வட்டி போனது போனதுதான். கடனை இழுத்தடிப்பது லாபம் என்று நினைப்பவர்கள் இந்த ‘இஃப்’பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஆங்கிலக் கடிதமோ படிவமோ வந்தால் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து இஃப், அன்லெஸ், ப்ரொவைடட், சப்ஜெக்ட் டு, ஒன்ஸ் ஆகிய ஐந்து சொற்களையும் தேடி வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே ‘ஆல்’, ‘ஆவிட்டால்’, ‘ஆல்தான்’ என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியவர் யார், நாமா அவரா? நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? தவறினால் நஷ்டம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். புரியவில்லையென்றால் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்கலாம், ஆடிட்டரைக் கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நாம் பிறருக்குக் கொடுக்கும் வாக்கிலும் இந்தக் கவனம் இருக்கட்டும். நாளைக்கு அரிசி வரவழைத்துத் தருகிறேன் என்று அடி அண்ணாமலைக் கடைக்காரர் ஒரு வெளிநாட்டுச் சாமியிடம் சொன்னால், அவர் வெயிலில் நடந்து வந்து நிற்பார். லாரி வந்தால்தான் அரிசி என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ‘இஃப் தி லாரி கம்ஸ்’ என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டால், அரிசி வராத நாளிலும் அவர் நம்மைப் பொய்யர் என்று நினைக்கமாட்டார். அடுத்த கடைக்கும் போகமாட்டார்.